குலைந்த தாளை அற்புதமேரி வாசித்த கதை

ஒரு வரிகூட ஒழுங்காக இல்லாமல் தாறுமாறாகக் குலைந்து கிடந்த ஒரு தாளை, ஓர் எழுத்தும் தெரியாத ஒரு பெண்மணி, முந்நூறு பேர் முன்னால், எங்கேயும் தடுமாறாமல், கணீரென்று வாசித்து முடித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. இதை நம்பாதவர்களுக்கென்று சிங்கப்பூரில் ஒரு சங்கமே இருந்தது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரே உறுப்பினர் எல்லாமே இயேசுதாசன் சார்தான்.

தாளைக் குலைத்தது யார் என்று கேட்கிறீர்களா? அதுவும் நான்தான். பெருமையாகவே சொல்கிறேன்.

நடந்தது எழுபத்தெட்டாம் வருஷம் டிசம்பரில். அப்போது நான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வேலை. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பெட்டி. சரி, நாலாயிரம். இயேசுதாசன் சார் நானூறு என்பார். அவர் துறைமுகத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். பெட்டி மேல் எழுதிய பெயரில் பாதியைக் கடல் தண்ணீர் கொண்டுபோயிருக்கும், மீதியைக் கயிறு அறுத்திருக்கும். ஆனாலும் பார்வை பட்ட நொடியில் யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இயேசுதாசன் சார் இதற்கு நேர் எதிர். முப்பது வருஷம் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்ப் பிரிவுக்குச் செயலாளர் ஆனார். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்திய நோட்டுகளை அடுக்கி வைத்தால், புக்கிட் தீமா குன்று அதன் பக்கத்தில் குந்தியிருக்கிற மாதிரி தெரியும். சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் காப்பி வருவதற்குள் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைத் திருத்திவிடுவார். அதில் என்ன சொல்லியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அதை யாருய்யா பார்த்தா? நாலு ஒற்று விட்டுப்போச்சு" என்பார்.

அற்புதமேரிக்குத் துறைமுகக் கேன்டீனில் தோசைக்கடை. நாற்பத்தாறு வயது. அவள் சுடுகிற தோசையின் ஓரத்துக்காகவே ஜப்பான் கப்பல்கள் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியது உண்டு. ஆனால் வாசிக்கத் தெரியாது. கோயிலில் எல்லாருக்கும் அது தெரியும். காரணம், அறுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அன்று பூசையில் அவள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினாள். பாட்டெல்லாம் அவளுக்கு வாயிலேயே இருக்கும், புத்தகம் சும்மா கைக்கு ஒரு மரியாதை. அந்தப் பக்கமாக வந்த இயேசுதாசன் சார், ஒரு வார்த்தை பேசாமல் புத்தகத்தை வாங்கி, நேராகத் திருப்பி, மறுபடி அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசை பார்த்துவிட்டது.

"திட்டியிருந்தார்னா மறந்திருப்பேன் அண்ணே," என்று பதினேழு வருஷம் கழித்துத் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அந்த மேடையில ஏறி ஒரே ஒரு தடவை நான் வாசிக்கணும். எல்லாரும் பார்க்க வாசிக்கணும். அப்புறம் கடவுள் என்னைக் கூப்பிட்டுக்கிட்டாலும் சரி."

"உன்னைக் கூப்பிட்டுக்கிட்டா நாங்க தோசைக்கு எங்க லா போறது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. விஷயம் பெரியது என்று அப்போதுதான் புரிந்தது.

என் மனைவி ஜோசபின் அந்த வருஷம் செவ்வாயும் வியாழனும் கோயில் அறையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அற்புதமேரியை அங்கே அனுப்பி வைத்தேன். முதல் நாளே சண்டை.

"இந்தா ஜோசபின், எனக்குப் பேரப்புள்ள பொறந்தாச்சு. இனிமே அணிலு, ஆடுன்னு கத்திக்கிட்டு உக்கார முடியாது. எனக்கு வார்த்தையைக் காட்டு. ஒருத்தரைப் பார்த்தா ஆளைப் பார்ப்பியா, பல்லை எண்ணுவியா?"

ஜோசபினுக்கு ஆளைத் தெரியும். கரும்பலகையை மூடிவிட்டு, அவளைக் கையைப் பிடித்து சிராங்கூன் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அற்புதமேரி கற்ற முதல் வார்த்தை "அபாயம்." மின்சாரப் பெட்டி மேல் நாலு மொழியில் எழுதி, புரியாதவர்களுக்கு ஒரு மண்டையோடும் வரைந்திருப்பார்களே, அதுதான். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் அதைப் பார்த்தாலும், "அதோ நம்ம அபாயம் நிக்குது" என்று ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பார்த்த மாதிரி சந்தோஷப்படுவாள். பிறகு நகைக்கடை, பூக்கடை, மளிகை, மருந்தகம். ஒரு வார்த்தையை முதல் தடவை பார்க்கும்போது வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளைப் பார்ப்பது போல மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். அடுத்த தடவை எந்தக் கூட்டத்தில் நின்றாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். தெருவில் இருந்த வார்த்தைகள் மூன்றே மாதத்தில் தீர்ந்துபோயின. பத்திரிகைக்குப் போனாள். அங்கிருந்து பைபிளுக்கு வந்தாள். மொத்தம் எட்டு மாதம். இவ்வளவு வார்த்தையும் அந்தத் தலைக்குள் எங்கே உட்கார்ந்திருந்தன என்பது எனக்கு இன்றுவரை பிரமிப்புதான்.

டிசம்பரில் பங்குத் திருவிழா. அன்றைய முதல் வாசகத்தை அற்புதமேரி வாசிக்கட்டும் என்று ஜோசபின் அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். மேடையில் வாசிக்கப் போகிறவர் சனிக்கிழமை மாலை வந்து இயேசுதாசன் சாரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். துணைக்கு நானும் போனேன். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவள் நின்று, ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் வாசித்தாள்.

சார் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார். ஒரு வார்த்தையில் முன்னும் பின்னும் விரலால் மறைத்து, நடுவில் ஒரே ஓர் எழுத்தைப் பென்சில் முனையால் தொட்டார்.

"இது என்ன எழுத்து?"

அற்புதமேரி குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒத்தையா நின்னா யாருன்னு தெரியல சார். விரலை எடுங்க, சொல்றேன்."

"விரலை எடுத்தா இந்த ஜார்ஜ்கூடச் சொல்லுவான்," என்று என்னைக் காட்டினார். "இது?"

"தெரியல."

"இது?"

"தெரியல சார். வேற பக்கம் குடுங்க, வாசிச்சுக் காட்டுறேன்."

"எழுத்தே தெரியல, வேற பக்கம் எதுக்கு?" அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "ஏம்மா, ஜோசபின் பத்து நாளா வாசிச்சுக் காட்டியிருப்பா. நீ மனப்பாடம் பண்ணிட்டே. நல்ல ஞாபகசக்தி, பாராட்டுறேன். ஆனா இது வாசிக்கிறது இல்ல. நாளைக்கு மேடையில பக்கம் மாறிப்போச்சுன்னா என்ன பண்ணுவே? மானம் போறது உனக்கு மட்டுமா?" அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

"அவ நல்லா வாசிச்சாளே சார்," என்றேன்.

"யோவ் ஜார்ஜ், நீ வீட்டுக்குப் போ."

அவள் அழவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்கு முதல் வரிசையில உக்காருவேன் அண்ணே. புதுப் புடவைதான் கட்டுவேன்" என்று மட்டும் சொன்னாள். திருவிழாவுக்கு வருகிற மாதிரி இல்லை, சாட்சி சொல்ல வருகிற மாதிரி சொன்னாள்.

அன்று ராத்திரி மழை பிடித்தது பாருங்கள். நோவாவுக்கே அதில் பாதிதான் பெய்திருக்கும். விடிந்தபோது விருந்து மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். (இயேசுதாசன் சார் கணக்கில் கணுக்கால்.) நாற்காலிகள் மிதந்தன, ஒரு வாத்து உள்ளே நீந்திக்கொண்டிருந்தது. சரி, வாத்தை நான் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் பூசைக்குக் கூட்டம் குறையவில்லை. பெண்கள் செப்ருபைக் கையில் தூக்கிக்கொண்டும், ஆண்கள் வேட்டியை மடித்துப் பித்டிதுக்கொண்டும், பிளைள்கள் குதித்துக் குதித்தும் வந்து சேந்ர்தார்கள்.

நிறுத்துங்கள். கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை பாருங்கள். நாலு வார்த்தையைக் குலைத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் இடறியிருப்பீர்கள், ஆனால் விழவில்லை, இல்லையா? செருப்பைக் கையில் தூக்கிய பெண்கள் உங்கள் கண் முன்னால் வந்தார்களா இல்லையா? பார்த்தீர்களா, உங்கள் தலைக்குள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஓர் ஆள் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறான் என்று! அவன் எழுத்தை எண்ணுவதில்லை. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்களைப் போல, முன்னால் வருகிறவருக்கு ஒரு வணக்கம், கடைசியில் வருகிறவருக்கு ஒரு வணக்கம், நடுவில் வருகிற சொந்தக்காரர்களை மொத்தமாக உள்ளே தள்ளிவிடுகிறான். யார் முந்தி, யார் பிந்தி என்றெல்லாம் கேட்பதில்லை. பந்தியில் ஆள் சரியாக இருந்தால் போதும் அவனுக்கு.

கதைக்கு வருகிறேன். விருந்தை எங்கே வைப்பது? சமையல்காரர் கோவிந்தசாமி வழி சொன்னார். முந்தின நாள் கிளமெண்டியில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்திருந்தார். மேசை நாற்காலியைத் திங்கள்கிழமைதான் எடுத்துப்போக வருவார்கள். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, சம்மதமும் வாங்கி, சட்டி பானையோடு பூசைக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டார். நாங்கள் மூன்று பஸ் பிடித்தோம். பூசை முடிந்ததும் பதினொரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், அதற்குமேல் நிற்க மாட்டோம் என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள். யார் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று பூசை முடிவில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்தது என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன்.

துறைமுகத்தில் நான் ஆங்கிலம் தட்டினால் நிமிஷத்துக்கு இருநூறு சொல், இயந்திரத்தில் புகை வரும். கோயிலில் இருந்ததோ தமிழ் இயந்திரம். அதில் புள்ளியை முதலில் தட்டிவிட்டு எழுத்தை அப்புறம் தட்ட வேண்டும். முப்பது வருஷம் ஆங்கிலம் தட்டிய விரலுக்கு அது எப்படித் தெரியும்? புள்ளிகளெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. போதாததற்கு என் வலது கைக்கு அவசரம் அதிகம். இடது கை எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது முந்திப்போய் உட்கார்ந்துவிடும். தட்டி முடித்துத் தாளை உருவி ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஜோசபின் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும். "சரியாத்தான் இருக்கு, ஓடுங்க" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த கண்ணுக்கு, என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. இந்த உண்மையை நான் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான்.

பூசை முடிகிற நேரம் உள்ளே நுழைந்து, தாளை இயேசுதாசன் சார் கையில் கொடுத்தேன். அவர் மேடை ஏறினார். தொண்டையைச் செருமினார். தாளில் முதல் வரி இப்படி இருந்தது:

அன்பாவனர்களே, மழைத் தணீண்ர் புகுந்விதுட்டதால் நம் மணட்பத்தில் இன்று விந்ருது நடைறாபெது.

"அன்பா..." என்றார் சார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "அன்பாவ..." மறுபடி நின்றார். பிறகு நான் பார்த்த காட்சி வேறு எந்த நாட்டிலும் நடந்திருக்காது. முந்நூறு பேர் காத்திருக்க, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, மேடையிலேயே திருத்த ஆரம்பித்துவிட்டார்! வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். முப்பது வருஷப் பழக்கம். பிழையைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது, கண் அதைத் தாண்டிப் போகாது. வாசித்துக்கொண்டே போகச் சொன்னால், எதிரில் வருகிற ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிற போலீஸ்காரர் மாதிரி நின்றுவிட்டார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

பங்குச் சாமியார் ஃபாதர் லூசியன் பிரான்ஸ்காரர். பதினைந்து வருஷமாகத் தமிழை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கிறவர். எழுந்து வந்து தாளைப் பார்த்தார். உதட்டை அசைத்துப் பார்த்தார். ஒலிபெருக்கி திறந்திருந்ததை மறந்து, "இயேசுதாசன், இது தமிழ்தானா?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. சாரின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது.

முதல் வரிசையில் ஒரு புதுப் புடவை எழுந்தது. மஞ்சள் புடவை, மாங்காய்க் கரை. மேடைக்குப் போய்க் கையை நீட்டியது.

"குடுங்க சார்."

"இதை யாராலயும் வாசிக்க முடியாதும்மா. ஜார்ஜ் என்னத்தையோ தட்டி வச்சிருக்கான். எழுத்தெல்லாம் கலைஞ்சு கிடக்கு."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். "எனக்கு நல்லாத்தானே தெரியுது."

வாசித்தாள்.

"அன்பானவர்களே! மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதால் நம் மண்டபத்தில் இன்று விருந்து நடைபெறாது. விருந்து கிளமெண்டியில் நடைபெறும். வாசலில் மூன்று பேருந்துகள் நிற்கின்றன. முதல் பேருந்தில் முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்..."

இருபத்திரண்டு வரி. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே மட்டும் விட்டாள். அந்தக் குரல் கோயில் கூரையைத் தாண்டி, தீவின் மறு கோடியில் இருக்கும் சுவா சூ காங் பண்ணைகளில் பன்றிகளைத் தலை தூக்கிப் பார்க்க வைத்திருக்கும். முதல் வரிக்கு அப்புறம் அது அறிவிப்பாகவே கேட்கவில்லை, வேதம் மாதிரி கேட்டது. பின்வரிசையில் ஒருத்தர் முடிவில் "ஆமென்" என்றார். பத்து நிமிஷத்தில் முந்நூறு பேரும் அவரவர் பஸ்ஸில் இருந்தார்கள். ஒரு கிழவர்கூட பஸ் மாறி ஏறவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் நான் அந்தத் தாளை மறுபடி வாங்கி, வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன். ஒரு வரிகூட ஒழுங்காக இல்லை. ஜோசபினிடம் காட்டினேன். "ஐயோ! இதையா சரியா இருக்குன்னு சொன்னேன்?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளமெண்டியில் ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் பரிமாறினார்கள். ஆளுக்கு ஆள் வந்து அற்புதமேரியைக் கட்டிக்கொண்டார்கள். தாள் மேசைக்கு மேசை போனது. எல்லாரும் வாசித்துப் பார்த்தார்கள், எல்லாராலும் முடிந்தது, எல்லாருக்கும் ஆச்சரியம். "எனக்கும் புரியுதே! எனக்கும் புரியுதே!" என்று பெரியவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளைப் போல் குதித்தார்கள். எல்லாரும் என்றா சொன்னேன்? ஒருத்தரைத் தவிர.

"ஜார்ஜ்," என்றார் இயேசுதாசன் சார், சோற்றில் கை வைக்காமல். "நீ முன்னாலேயே அவகிட்ட சொல்லியிருக்கே."

"நான் எங்க சார் சொன்னேன்? மெஷினை விட்டு நகரலையே!"

"அப்போ ஜோசபின் சொல்லியிருக்கா."

"நான் இவரோடதான் இருந்தேன் சார்," என்றாள் ஜோசபின். "அவ எங்க கண்ணுலயே படல."

"யாரோ சொல்லியிருக்காங்க. மண்டபத்துல தண்ணி, சாப்பாடு கிளமெண்டியில, பஸ்ஸு மூணு. இது பாதி பேருக்குத் தெரிஞ்ச விஷயம்தானே? கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கா. நேத்து ஒரு எழுத்தைத் தொட்டு என்னன்னு கேட்டேன், தெரியல. எழுத்து தெரியாதவளுக்கு வாசிக்கத் தெரியும்னா, நான் முப்பது வருஷம் என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

கடைசிக் கேள்வியைத்தான் அவர் உண்மையில் கேட்டார். எனக்கு அது கேட்டது. அதனால் நான் கிண்டல் செய்யவில்லை. என் வாழ்நாளில் வாயை மூடியிருந்த நிமிஷங்களைச் சேர்த்தால் மூன்று தேறும், அதில் இது ஒன்று.

அற்புதமேரி இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். கேட்டிருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"சார், உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணை எழுதுங்க. ஜார்ஜ் அண்ணன் மாதிரியே கலைச்சு எழுதுங்க. அதை நான் வாசிக்கலைன்னா, இனிமே அந்த மேடைப் பக்கம் நான் வரல. பெயரும் குடுக்கல. சரியா?"

சுற்றி இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். ஜோசபின் என் கையை இறுக்கினாள். எட்டு மாதத்தையும் ஒரே மூச்சில் பந்தயம் கட்டிவிட்டாளே!

சார் ஒரு கேக் பெட்டியின் மூடியைக் கிழித்தார். என் பேனாவை வாங்கிக்கொண்டார். தப்பாக எழுதுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் இடம் மாற்றி வைக்கும்போது முகம் சுளித்தது, பல் பிடுங்குகிறவன் எதிரில் உட்கார்ந்த மாதிரி. அட்டையை யாருக்கும் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து, ஒரு கணம் யோசித்து, அவளிடம் நீட்டினார். அவள் தோளுக்கு மேல் நான் பார்த்துவிட்டேன்.

அபுற்தரிமேக்கு வாக்சிகத் தெயாரிது.

அவள் அட்டையை மேடையில் தாளைப் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்தாள். மேலும் கீழும் ஒரு பார்வை. எல்லாரும் கேட்க, கோயிலில் வாசித்த அதே குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"அற்புதமேரிக்கு வாசிக்கத் தெரியாது."

கரண்டியோடு நின்ற கோவிந்தசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு ஜோசபின். பிறகு அந்தக் கீழ்த்தளமே அதிர்ந்தது, பன்னிரண்டாம் மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அற்புதமேரி மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள்.

"எப்படி வாசிக்கிறேன்னு கேளுங்க சார்," என்றாள் மெதுவாக. "ஒரு ஆளுக்கு மூக்கு கொஞ்சம் கோணலா இருந்தா அவரைத் தெரியாமப் போயிடுமா? வார்த்தையும் அப்படித்தான் எனக்கு. மூஞ்சி தெரிஞ்சா போதும். மூக்கை மட்டும் தனியா எடுத்துக் காட்டி, இது யாருன்னு நேத்து கேட்டீங்க. எனக்குத் தெரியல. அது உண்மைதான். கத்துக்கிறேன். ஆனா இதுல எது சார் தப்பு? நீங்க எழுதின எழுத்தா, எழுதின விஷயமா?"

இயேசுதாசன் சார் அந்த அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பார்த்தார். திருத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவளைவிட ஒரு தலை உயரம் அவர். அன்று அப்படித் தெரியவில்லை.

"ரெண்டுமேதாம்மா தப்பு," என்றார். அதுவரை அவளிடம் நீ, போ என்று பேசியவர், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீங்க வாசிச்சீங்க. இப்பவும் வாசிச்சீங்க, காலையில கோயில்லயும் வாசிச்சீங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."